நாகரிகச் சான்றிதழ்

1872 ஜனவரியில் ஜப்பானியப் பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார். அரண்மனைச் சங்கதி என்று அதை மூடி வைக்கவில்லை. ஊரறியச் செய்தி வெளியிட்டார்கள். பௌத்தத்தின் பேரால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விலக்கி வைத்திருந்த உணவு அது. மன்னரே வாயில் வைத்துவிட்ட பிறகு நாடு நாகரிகம் அடைய என்ன தடை? குடுமியைக் கத்தரித்துக்கொள்ள முந்தைய ஆண்டே அனுமதி வந்திருந்தது. ரயில் வந்தது, தந்தி வந்தது, எரிவாயு விளக்கு வந்தது. நாகரிகம் மட்டும் வந்தபாடில்லை. அதற்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரிகள் லண்டனிலும் வாஷிங்டனிலும் பாரிஸிலும் அல்லவா உட்கார்ந்திருந்தார்கள்! மனுவைப் புரட்டிப் பார்ப்பதும், இன்னும் காலம் கனியவில்லை என்று திருப்பி அனுப்புவதுமாக அவர்களுக்கும் பொழுது போய்க்கொண்டிருந்தது.

மனு போடும் கதிக்கு ஜப்பான் வந்தது எப்படி? 1853 ஜூலையில் அமெரிக்கக் கமடோர் பெர்ரி நான்கு போர்க்கப்பல்களோடு உராகாவுக்கு எதிரே வந்து நின்றார். ஜனாதிபதியின் அன்பான கடிதம் ஒரு பக்கம், கரையைப் பார்த்த பீரங்கிகள் மறுபக்கம். இதற்கு நட்புறவு என்று பெயர். அடுத்த ஆண்டு கூடுதல் கப்பல்களோடு திரும்பிவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார். பரிசாக ஒரு குட்டி ரயிலும் விஸ்கியும் கொடுத்தார். 1858 ஒப்பந்தத்தில் நட்பு முற்றிப் பழுத்தது. ஜப்பான் மண்ணில் குற்றம் செய்யும் அமெரிக்கரை ஜப்பானிய நீதிமன்றம் தொடக் கூடாது. அவர்களுடைய தூதரே விசாரிப்பார். இறக்குமதிச் சரக்குக்கு எவ்வளவு வரி என்பதை ஜப்பான் தன்னிச்சையாகத் தீர்மானிக்கக் கூடாது. ஐரோப்பியரும் வரிசையில் வந்து இதே சலுகையை வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்டால், உங்கள் சட்டம் காட்டுமிராண்டிச் சட்டம், நாகரிகம் அடைந்த பிறகு வாருங்கள், மாற்றி எழுதலாம் என்றார்கள். கதவை உடைத்து உள்ளே வந்தவன் வீட்டுக்காரனின் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போட்டான்.

வெளியுறவு அமைச்சர் இனோவே கவோருவுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. ஆடிக் காட்டினால் என்ன? 1883இல் டோக்கியோவில் ரொக்குமேய்கான் என்ற செங்கல் மாளிகை எழுந்தது. வரைபடம் போட்டவர் ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயர். அமைச்சர்களும் அவர்களுடைய மனைவிமாரும் அங்கே வால்ட்ஸ் ஆடினார்கள். பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். இடுப்பெலும்பு நொறுங்கும் ஐரோப்பிய கவுன்களுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் பெண்கள் நாட்டின் இறையாண்மையை மீட்கப் பாடுபட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லொத்தி, ஏதோ நீராட்டு ஊரின் சூதாட்ட விடுதி மாதிரி இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். அவருடைய நாட்டு ஓவியர் ஜார்ஜ் பிகோ அதோடு நிறுத்தவில்லை. மேனாட்டு உடை உடுத்திய ஜப்பானியத் தம்பதி கண்ணாடி முன் நிற்பதாக ஒரு கேலிச்சித்திரம் போட்டார். கண்ணாடிக்குள் தெரிந்தவை இரண்டு குரங்குகள். ஆடியவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம். ஒப்பந்தத்தில் ஒரு வரி அசையவில்லை.

உண்மையான பாடத்திட்டத்தை ஒரே ஒரு வாத்தியார் மட்டும் பத்தாண்டு முன்பே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார். மேனாடுகளைச் சுற்றிப் படித்து வர இவாகுரா தலைமையில் போன தூதுக்குழுவுக்கு 1873 மார்ச்சில் பெர்லினில் பிஸ்மார்க் விருந்து வைத்தார். சர்வதேசச் சட்டம் என்பது வல்லரசுக்கு ஆதாயம் உள்ளவரை சட்டம், ஆதாயம் இல்லாத இடத்தில் படைதான் பேசும் என்ற பொருள்படப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இத்தோ ஹிரோபுமியும் ஒருவர். பின்னாளில் நான்கு முறை பிரதமரானவர், அரசியல் சட்டம் வகுத்தவர். நல்ல காது அவருக்கு.

செய்முறைத் தேர்வுக்கு நெடுநாள் காத்திருக்கவில்லை. 1875 செப்டம்பரில் உன்யோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் கொரியாவின் காங்ஹ்வா தீவருகே போயிற்று. தண்ணீர் பிடிக்கப் போனோம் என்றார்கள். பீரங்கியோடு தண்ணீர் பிடிக்க வந்தவர்களைக் கரைக் காவல் சுட்டது. சுட்டதைச் சாக்காக வைத்துக் கோட்டை தகர்ந்தது, கொரியர்கள் செத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் குரோதா கியோதாகா கப்பற்படையோடு போய்க் கையெழுத்து வாங்கினார். துறைமுகங்கள் திறக்க வேண்டும். கொரிய மண்ணில் குற்றம் செய்யும் ஜப்பானியரைக் கொரிய நீதிமன்றம் தொடக் கூடாது. சுங்க வரி? பெர்ரியின் சீடர்கள் குருவை விஞ்சினார்கள்: அதே ஆண்டின் பிற்சேர்க்கையில், அடியோடு வரியே கூடாது. தங்கள் கழுத்தில் பூட்டிய விலங்கு அநியாயம் என்று ஊரெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்த அதே ஆட்கள், அதன் அச்சை எடுத்து அண்டை வீட்டுக்காரன் கழுத்துக்கு வார்த்த வேகத்தைப் பாருங்கள். இருபத்துமூன்றே ஆண்டு. கையெழுத்தாகி ஒரு மாதத்தில்தான் உள்நாட்டில் சாமுராய்களின் வாளைப் பறிக்கும் ஆணை வந்தது. நாகரிகக் கணக்குக்கு வாள் உதவாது. பீரங்கி உதவும்.

குரோதாவை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். ஐனு மக்களின் பூர்வீக மண்ணுக்கு ஹொக்கைடோ என்று புதுப் பெயர் வைத்து ‘வளர்ச்சி’ செய்த இலாகாவின் தலைவர் அவர்தான். ஆலோசனைக்கு அமெரிக்க வேளாண் ஆணையராக இருந்த ஹொரேஸ் கப்ரோனைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தார். பூர்வகுடிகளின் நிலத்தை எப்படிக் காலி நிலமாக்குவது என்பதில் அமெரிக்காவைவிட அனுபவசாலி யார்? 1874இல் தைவான்மீது படை போனபோதும் யோசனை சொல்ல லெஜண்டர் என்ற அமெரிக்க ஜெனரல் பக்கத்தில் இருந்தார். ஆசான்கள் அஞ்சல் வழியில் பாடம் நடத்தவில்லை; நேரில் வந்து, கூலி வாங்கிக்கொண்டு நடத்தினார்கள்.

1885 மார்ச்சில் ‘ஜிஜி ஷிம்போ’ பத்திரிகையில் பெயரில்லாமல் ஒரு தலையங்கம் வந்தது. எழுதியவர் அதன் அதிபர் ஃபுகுசாவா யுகிச்சி என்பது பொதுவான முடிவு. சீனாவும் கொரியாவும் கெட்ட சகவாசம், அவர்களோடு நம்மையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், ஒதுங்குவோம், மேற்கத்தியர் அவர்களை நடத்துகிறபடியே நாமும் நடத்துவோம் என்பது அதன் சாரம். பெண்கல்விக்கும் சமத்துவத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதிய பேரறிஞர். சமத்துவத்துக்கு எல்லைக்கோடு எங்கே என்பதையும் வரைந்து காட்டிவிட்டார்.

சான்றிதழ் கிடைத்த தேதிகளைச் சொல்லியாக வேண்டும். 1894 ஜூலை 16 அன்று லண்டனில் பிரிட்டன் தன் நீதிமன்றச் சலுகையைக் கைவிடச் சம்மதித்துக் கையெழுத்திட்டது. ஒன்பது நாள் கழித்து ஜூலை 25 அன்று கொரியக் கரையோரம் ஜப்பானியக் கப்பல்கள் சீனக் கப்பல்களைச் சுட்டன, போர் தொடங்கிற்று. நவம்பர் 21 அன்று போர்ட் ஆர்தர் விழுந்தது. தொடர்ந்து சில நாட்கள் ஊருக்குள் புகுந்து சரணடைந்தவரையும் சாதாரண மக்களையும் வெட்டினார்கள். நவம்பர் 22 அன்று வாஷிங்டனில் அமெரிக்காவும் இதேபோன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அன்றைக்குச் சேதி தெரியாது, சரி. டிசம்பரில் ஜேம்ஸ் கிரீல்மன் எழுதி நியூயார்க் பத்திரிகையில் வந்துவிட்டதே! செனட் கொஞ்சம் முகம் சுளித்தது, கொஞ்சம் தொண்டையைக் கனைத்தது, பிப்ரவரியில் ஒப்புதல் கொடுத்தது. வால்ட்ஸ் ஆடியபோது குரங்காகத் தெரிந்தவர்கள் பிணத்தைக் குவித்ததும் மனிதர்களாகத் தெரிந்துவிட்டார்கள்.

1895 ஏப்ரலில் ஷிமோனோசெகி நகரில், நஞ்சுமீன் சமையலுக்குப் பேர்போன ஒரு விடுதியில் சமாதானப் பேச்சு நடந்தது. ஜப்பான் தரப்பில் இத்தோ. தைவான் போயிற்று, 20 கோடி டேல் வெள்ளி தண்டம் என்று முடிவாயிற்று. லியாவ்துங் தீபகற்பத்தையும் சேர்த்து விழுங்கப் பார்த்தபோது ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்சும் குறுக்கே வந்து, இது ஆசியாவின் அமைதிக்கு ஆபத்து என்று உபதேசித்தன. ஜப்பான் மேலும் மூன்று கோடி டேல் வாங்கிக்கொண்டு கக்கியது. அமைதியில் அவ்வளவு அக்கறை கொண்ட ரஷ்யா மூன்றே ஆண்டில் அந்தத் தீபகற்பத்து முனையிலிருந்த அதே போர்ட் ஆர்தரைத் தன் பெயருக்குக் குத்தகை எழுதிக்கொண்டது. தண்டப் பணத்தில் ஜப்பான் தங்க நாணய முறைக்கு மாறிற்று, யவாத்தாவில் உருக்காலை எழுந்தது. ஜப்பானின் கடின உழைப்பு, ஒழுக்கம், சிக்கனம் என்று பேசுகிறவர்கள் இந்த வெள்ளியைப் பேச்சில் சேர்ப்பதில்லை. சிக்கனம் உண்மைதான், அடுத்தவன் காசையும் சிக்கனமாகத்தான் செலவழித்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 8. சியோல் அரண்மனைக்குள் விடியுமுன் புகுந்த ஜப்பானியர், ராணி மின்னை வெட்டி, உடலை அரண்மனைத் தோட்டத்தில் எரித்தார்கள். ஏவியவர் ஜப்பானியத் தூதர் மியூரா கோரோ. வெளிநாட்டார் பார்த்துவிட்டதால் விசாரணை நடத்தாமல் தீரவில்லை. இங்கேதான் அந்த நீதிமன்றச் சலுகை தன் முழு அழகையும் காட்டியது: கொலை கொரியாவில், குற்றவாளி ஜப்பானியர், ஆகவே நீதிமன்றம் ஹிரோஷிமாவில். சதி செய்தார்கள், கூட்டம் சேர்த்தார்கள், அரண்மனைக்குள் நுழைந்தார்கள் என்பது வரை நீதிபதி நிதானமாக எழுதினார். அதற்கப்புறம் போதிய சாட்சியம் இல்லை என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். எரிந்த உடலுக்குச் சாட்சி சொல்லத் தெரியவில்லை போலும். மியூரா பிற்பாடு பேரரசரின் அந்தரங்க ஆலோசனைச் சபையில் அமர்ந்தார். சட்டம் நவீனமாகிவிட்டது, ஐயா. இனி யாரும் காட்டுமிராண்டிச் சட்டம் என்று சொல்ல முடியாது.

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு காட்சி 1903இல் ஒசாகா கண்காட்சியில் நடந்தது. பாரிஸில் மனிதர்களைக் காட்சிப் பொருளாக வைத்ததைப் பார்த்து, இங்கேயும் ‘மனிதவகைக் கூடம்’ போட்டார்கள். ஐனு, தைவான் பூர்வகுடி, கொரியர், ரியூக்யூ தீவினர் என்று ஆட்களையே காட்சிக்கு வைத்தார்கள். சீனர் எதிர்த்தார்கள், கொரியர் எதிர்த்தார்கள். ரியூக்யூத் தீவிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. மனிதரை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்று மட்டும் கேட்டிருந்தால் கும்பிட்டிருக்கலாம். தீவின் செய்தித்தாள் ‘ரியூக்யூ ஷிம்போ’வின் மனக்குறை வேறு: எங்களைப் போய் ஐனுவோடும் தைவான் காட்டுவாசியோடும் ஒரே வரிசையில் நிறுத்துவதா! இருபத்துநான்கு ஆண்டுக்கு முன்னால்தான் அவர்களுடைய அரசைக் கலைத்து, மன்னரை டோக்கியோவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் ஏணி நிலைத்து நிற்கும். இந்தச் சூட்சுமம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1905 மே மாதம் சுஷிமா கடலில் ரஷ்யக் கப்பற்படை மூழ்கியது. ஆசியா முழுக்க ஆனந்தம். ஜப்பானின் வெற்றிகள் தன்னை எப்படிக் கிளர்த்தின என்று நேரு சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வெள்ளையனை ஓர் ஆசியன் தோற்கடித்தான்! அந்தத் துள்ளலைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நூறாண்டு அடி வாங்கியவனுக்கு அது மருந்து. ஆனால் ஆசியா வெற்றிச் சங்கு ஊதிக்கொண்டிருந்த அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் என்ன எழுதினார்கள்? பிரிட்டன்–ஜப்பான் கூட்டணி புதுப்பிக்கப்பட்டது. கொரியாவில் ஜப்பான் தன் இஷ்டப்படி நடக்கலாம் என்றது பிரிட்டன். பிரிட்டனின் இந்திய உடைமைகளைக் காப்பதற்கும் கூட்டணி பொருந்தும் என்று ஒப்புக்கொண்டது ஜப்பான். ஆசியாவின் உதயசூரியன் நம்மைக் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தது. 1915இல் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தபோது அடக்கப் போனவர்களில் ஜப்பானியக் கடற்படையினரும் உண்டு. அதே ஆண்டு, டோக்கியோவில் தஞ்சம் புகுந்த இந்தியப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸை வெளியேற்ற ஆணை போட்டது ஜப்பானிய அரசு. ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் ஒரு ரொட்டிக்கடைக் குடும்பத்தார். அரசு அல்ல.

அமெரிக்காவும் சளைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் உனக்கு வேண்டாம், கொரியா எனக்கு வேண்டாம் என்று டாஃப்ட்டும் கட்சுராவும் 1905 ஜூலையில் ரகசியமாகப் பேசி முடித்தார்கள். கொரியாவுக்குக் கஷ்டம் வந்தால் சமரசம் பேசுவோம் என்று 1882இல் அமெரிக்கா எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அலமாரியில் தூங்கியது. அந்தச் சமயம் ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ரஷ்ய–ஜப்பானியப் போரை முடித்துவைத்ததற்காக 1906இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். கொரியா அமைதியாகிவிட்டது உண்மைதானே.

உலகில் எந்த நாட்டின் சுதந்திரத்தையும் கொரியாவின் சுதந்திரத்தைப் போல இத்தனை முறை எழுதி உறுதி செய்திருக்க மாட்டார்கள். 1876 காங்ஹ்வா ஒப்பந்தத்தின் முதல் பிரிவு: கொரியா சுதந்திர நாடு. 1895 ஷிமோனோசெகியின் முதல் பிரிவு: கொரியா சுதந்திர நாடு. 1902 கூட்டணியிலும் அப்படியே. 1904இல் சியோலில் எழுதிய உடன்படிக்கையிலும் அப்படியே. 1905 நவம்பரில் அரண்மனையைச் சிப்பாய்கள் சூழ்ந்து நிற்க, இத்தோ ஒவ்வோர் அமைச்சராகக் கேட்டுச் சம்மதம் வாங்கி வெளியுறவை எடுத்துக்கொண்டார். 1907இல் தி ஹேக் சமாதான மாநாட்டுக்கு வந்து கதவைத் தட்டிய கொரியத் தூதர் மூவரை, உங்களுக்குத்தான் வெளியுறவு அதிகாரமே இல்லையே என்று உலகம் வாசலோடு திருப்பியது. சட்டப்படி சரி. 1910 ஆகஸ்டில் சுதந்திரத்தோடு நாடும் தீர்ந்தது. அந்தக் கோடையில் லண்டன் ஒயிட் சிட்டியில் ஜப்பான்–பிரிட்டிஷ் கண்காட்சி. ஐனுக்களையும் தைவான் பூர்வகுடிகளையும் ஆங்கிலேயக் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து பார்த்துப் போயின. கொரியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சீருடையும் இடுப்பில் வாளுமாக வகுப்பெடுத்தார்கள். ஜப்பானில் காட்டுமிராண்டித்தனம் என்று கழற்றிய வாளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

இதில் 1919 ஏப்ரலின் ஐந்து நாட்களை நான் யாருக்கும் மன்னிக்கத் தயாரில்லை. 11ஆம் தேதி பாரிஸில், சர்வதேச சங்கத்தின் விதிகளில் இனங்களின் சமத்துவம் குறித்து ஒரு வாசகம் சேர்க்க ஜப்பானின் மாகினோ வாதாடினார். பெரும்பான்மை ஆதரித்தது. தலைமையில் இருந்த வில்சன், எல்லோரும் ஒருமனதாகச் சொன்னால்தான் ஆகும் என்று தள்ளிவிட்டார். பிரிட்டிஷ் பேரரசின் பிரதிநிதிகளுக்கு நிம்மதி. 13ஆம் தேதி அந்தப் பேரரசு ஜாலியன்வாலா பாகில் சுட்டது. 15ஆம் தேதி கொரியாவின் ஜேயம்-ரி கிராமத்தில் ஜப்பானியச் சிப்பாய்கள் ஆண்களைத் தேவாலயத்துக்குள் கூட்டி, சுட்டு, தீ வைத்தார்கள். சமத்துவம் கேட்டவரும் மறுத்தவரும் இரண்டு நாள் இடைவெளியில் ஒரே காரியத்தைச் செய்தார்கள். ஜாலியன்வாலா பாகில் சுட ஆணையிட்ட டயருக்கு ஆங்கிலப் பத்திரிகை வாசகர்கள் 26,000 பவுண்டுக்கு மேல் வசூலித்துக் கொடுத்தார்கள். ஜேயம்-ரி அதிகாரியை ராணுவ நீதிமன்றம் விடுவித்தது. இனங்கள் சமமா என்று பாரிஸில் வாக்கெடுத்தார்களே, இதை வைத்து எடுத்திருக்கலாம்.

எல்லா ஜப்பானியரும் இப்படியா? இல்லை. 1894 போரை நீதிப்போர் என்று எழுதிய உச்சிமுரா கான்சோ அதற்காக வெட்கப்பட்டு 1904 போரை எதிர்த்தார். கொத்தொகு ஷூசுய் அந்தப் போருக்கு எதிராகப் பத்திரிகை நடத்தினார். கொரியாவை விழுங்கிய ஐந்தாம் மாதம் அவரைத் தூக்கில் போட்டார்கள். ஆஷியோ செப்புச் சுரங்கத்தின் நஞ்சு வயலில் பாய்கிறது என்று பேரரசரின் வண்டி முன்னால் மனுவோடு ஓடிய தனாக்கா ஷோசோவைப் பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். நாகரிகச் சான்றிதழில் சாட்சிக் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இவர்கள். பண நோட்டில் இவர்கள் முகம் வராது.

பிறகு ஒரு நாள் தேர்வு விதியை மாற்றிவிட்டார்கள். மஞ்சூரியாவை 1931இல் பிடித்தபோது, மற்ற எல்லோரும் நிறைய வைத்திருந்த பொருளை ஜப்பான் இன்னும் கொஞ்சம் கேட்டது. இனிமேல் இது குற்றம் என்றது ஜெனீவா. 1933 பிப்ரவரியில் ஜப்பானியப் பிரதிநிதி மட்சுவோகா வெளிநடப்புச் செய்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் கேவலமான பகுதி; திருடனைத் திருடன் பிடித்தால் பிடிபட்டவனுக்கும் வாதம் இருக்கும். மஞ்சூரியாவில் வாழ்ந்தவர்களின் வாதத்தைக் கேட்க ஒரு கமிஷன் போயிற்று, அறிக்கை எழுதிற்று, அதோடு சரி.

அடுத்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் முழக்கமாக வந்தது ‘ஆசியா ஆசியருக்கே’. மலாயாவில் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் ரப்பர் தோட்டத் தமிழர்கள் இந்த வாசகத்தின் பொருளை உடம்பால் படித்தார்கள். நல்ல சம்பளம் என்று ஆசைகாட்டியும் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தும் பல்லாயிரம் பேரைச் சயாமுக்கு ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை, ஓராண்டுக்குச் சற்றே மேல், 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவில், பட்டினியில், பிரம்படியில் செத்தவர்களைத் தண்டவாளத்தின் ஓரத்தில் புதைத்தார்கள், எரித்தார்கள், சிலரை அப்படியே விட்டார்கள். செத்த நேச நாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியர்களுக்குப் பெயர்ப் பட்டியலே கிடையாது. ஆசியா ஆசியருக்கே என்றவன் கூலித் தமிழனுக்குக் கணக்கு எழுதவில்லை. போருக்குப் பின் திரும்பி வந்த வெள்ளைத் துரையும் தன் ஆட்களின் கல்லறையோடு நிறுத்திக்கொண்டான். அந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய நீராவி எஞ்சின் இன்று டோக்கியோவின் யசுகுனி ஆலய அருங்காட்சியகத்து நுழைவுக் கூடத்தில் பளபளவென்று நிற்கிறது. பழைய ரயில் படைப்பிரிவு வீரர்கள் பணம் திரட்டி, தாய்லாந்திலிருந்து வாங்கி வந்து ஒப்படைத்தார்கள். எஞ்சினுக்கு எண் இருக்கிறது: சி 5631.

ஜப்பானிய நோட்டுகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். 1963இலிருந்து இருபதாண்டு ஆயிரம் யென் நோட்டில் இத்தோ ஹிரோபுமி இருந்தார். 1909இல் ஹார்பினில் அவரைச் சுட்டுக்கொன்ற ஆன் ஜுங்-குன்னுக்கு அதே ரயில் நிலையத்தில் 2014இல் நினைவகம் திறந்தபோது, அவர் பயங்கரவாதி என்றது டோக்கியோ. 1984இலிருந்து நாற்பதாண்டு பத்தாயிரம் யென்னில் ஃபுகுசாவா யுகிச்சி. 2024 ஜூலையில் அவரை இறக்கிவிட்டு ஜப்பானிய முதலாளித்துவத்தின் தந்தை ஷிபுசாவா ஐயிச்சியை ஏற்றினார்கள். பண நோட்டில் அவர் முகம் வருவது முதல் முறை என்று நினைத்துவிட வேண்டாம். 1902இல் அவருடைய தாய்-இச்சி வங்கி கொரியாவில் தானே நோட்டு அச்சிட்டுப் புழங்கவிட்டது, அவர் படத்தோடு. கொரிய அரசு தடை விதித்துப் பார்த்தது. ஜப்பானின் நெருக்குதலில் தடை விலகிற்று. தங்கள் பணத்தில் ஜப்பானியர் யார் முகத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். 1902இல் அது அவர்கள் நாடில்லை.